பழைய பேப்பரில் நாற்றுத் தொட்டி



இந்த மாதம் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். பழைய செய்தித்தாளைச் சுருட்டித் தொட்டி போலச் செய்து, மண் நிரப்பி விதை ஊன்றி, நாற்று வளர்ந்ததும் பேப்பரோடு சேர்த்தே குழியில் நட்டுவிடும் முறை இது. மிஷின் வேண்டாம், கடன் வேண்டாம். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்தால் இரண்டே நாளில் சலித்து விட்டுவிடுவோம். அதனால் முதலில் காரணத்தைச் சொல்லிவிட்டு, பிறகு செய்முறைக்கு வருகிறேன்.

"கை ராசி இல்லை மேடம்"

போன வருடம் ஆடி மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எப்போதும் முதல் ஆளாகப் பேசும் ஒரு அக்கா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்து தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

அந்த அக்கா குழுவில் கடன் வாங்கி 5 சென்டில் பாகல் பந்தல் போட்டிருந்தார். பாலிதீன் பையில் வளர்த்த 120 நாற்றுகளை விலைக்கு வாங்கி, மினி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து நட்டார். ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் வாடிக் காய்ந்துவிட்டன. "எனக்குக் கை ராசி இல்லை மேடம். நான் எதை வெச்சாலும் இப்படித்தான்" என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். காய்ந்த செடி ஒன்றை இருவரும் சேர்ந்து தோண்டி எடுத்தோம். ஆணிவேர் பாதியில் அறுந்திருந்தது. எப்படி நட்டீங்க என்று கேட்டேன். "அரிவாளால பையைக் கிழிச்சேன். மண்ணு பொலபொலன்னு உதிர்ந்து போச்சு. செடியை மட்டும் பிடிச்சுக் குழிக்குள்ள வெச்சு மண்ணைத் தள்ளினேன்" என்றார்.

அந்த நஷ்டத்துக்கும் கை ராசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை சகோதரிகளே. வேர் அறுந்தது, செடி போனது. அவ்வளவுதான். ஆனால் அந்த அக்கா கோழியை விற்றுத் தவணை கட்டினார். பழியையும் தன் மேலேயே போட்டுக்கொண்டார். நம்மில் எத்தனை பேர் இப்படித்தான் இருக்கிறோம்!

கொடிக் காய்களின் வேர்

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடுகிறோம். ஒரு நாள் தலை சாய்ந்து நின்றாலும் மறுபடி எழுந்துவிடும். அறுந்த இடத்தில் புது வேர் சீக்கிரம் விடும் குணம் அவற்றுக்கு உண்டு.

பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் வேர் அறுந்தால் லேசில் திரும்ப வராது. அதனால்தான் நம் அம்மா, பாட்டி எல்லோரும் இந்த விதைகளை நேராகக் குழியிலேயே ஊன்றினார்கள். நாற்றாக வளர்த்து நட வேண்டும் என்றால் வேரைச் சுற்றியிருக்கும் மண் உதிராமல் குழிக்குள் இறங்க வேண்டும்.

அதற்குத்தான் குழித்தட்டு, பாலிதீன் பை எல்லாம் வந்தன. 98 குழி உள்ள தட்டில் தென்னை நார்க் கழிவு நிரப்பி நாற்று வளர்ப்பதை, திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் உள்ள காய்கறி மகத்துவ மையத்தில் போய்ப் பார்க்கலாம். நல்ல முறைதான். ஏக்கர் கணக்கில் செய்பவர்களுக்குச் சரி. நமக்கு 5 சென்ட், 10 சென்ட்தான் நிலம். வீட்டுக்குப் பின்னால் நாலு குழிதான் என்பவர்களும் உண்டு. நமக்கு அந்த வேலையைப் பழைய பேப்பரே செய்யும். பையைப் போலக் கிழித்து எடுக்க வேண்டியதில்லை. அதனால் மண்ணும் உதிராது, வேரும் அறுபடாது. கிழித்த பை வயலில் கிடந்து மாடு தின்னும் கவலையும் இல்லை.

தண்ணீர்க் கணக்கு

"நேராகக் குழியிலேயே ஊன்றிடலாமே மேடம், எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பீர்கள். மழை சரியாகப் பெய்தால், அல்லது மோட்டார் வைத்த கிணறு இருந்தால், தாராளமாக ஊன்றலாம். தலையில் குடம் சுமந்து ஊற்றுபவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

5 சென்டில் பாகலுக்குச் சுமார் 60 குழி வரும். குழிக்கு 2 செடி, மொத்தம் 120 செடி. விதை முளைத்து நிலைக்கும் வரை ஒரு குழிக்குத் தினம் ஒரு லிட்டர் சொம்பு தண்ணீர் என்று வைத்தால் 60 லிட்டர். 12 லிட்டர் குடத்தில் 5 குடம். 15 நாளைக்கு 75 குடம்.

அதே 120 விதையைப் பேப்பர் தொட்டியில் போட்டால், ஒரு தொட்டிக்கு 50 மில்லி தண்ணீர் போதும். மொத்தம் 6 லிட்டர், அதாவது அரைக் குடம். 15 நாளைக்கு ஏழரைக் குடம். மீதி அறுபத்தேழரைக் குடத் தண்ணீரும், அதைச் சுமக்கும் நடையும் மிச்சம். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சொன்னபோதுதான் பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. ஆடி பிறந்தும் மழை வரவில்லை என்றால், குழியில் ஊன்றிய விதை கெட்டுப்போகும். தொட்டியில் இருக்கும் நாற்று ஒரு வாரம் நமக்காகக் காத்திருக்கும்.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

மேலே சொன்ன கொடிக் காய்கள் எல்லாவற்றுக்கும் இது ஏற்றது. 12 முதல் 15 நாளில் நட்டுவிடலாம் என்பதால் அதுவரை பேப்பர் தாங்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய்க்குத் தேவையில்லை. மேட்டுப்பாத்தி நாற்றங்காலே போதும். வீட்டுத் தோட்டத்துக்கு நாலைந்து செடி மட்டும் வேண்டும் என்பவர்கள் தொட்டியில் போடலாம்.

வெண்டை, அவரை, கொத்தவரை விதைகளை நேராக ஊன்றுங்கள். பப்பாளி நாற்றுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை பேப்பர் நிற்காது.

தேவையான பொருட்கள்

பழைய செய்தித்தாள். வீட்டில் வாங்கவில்லை என்றால் டீக்கடை, சலூன், நூலகம், பள்ளிக்கூடம் எங்காவது கேட்டால் கிடைக்கும். கணக்கு சுலபம். பெரிய அளவுச் செய்தித்தாளில் எத்தனை பக்கமோ அத்தனை தொட்டி. 12 பக்கப் பேப்பர் ஒன்றில் 12 தொட்டி வரும். 120 தொட்டிக்கு அப்படிப் பத்துப் பேப்பர்.

அச்சுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. அதே பருமனில் கண்ணாடி பாட்டில் இருந்தால் இன்னும் நல்லது, அழுத்தும்போது நசுங்காது.

கட்டுவதற்கு வாழை நார். பசை வேண்டாம். மைதாப் பசை தடவினால் எறும்பும் கரப்பானும் தேடி வரும்.

செய்முறை

1. செய்தித்தாளை மடிப்பில் பிரித்துத் தனித்தனித் தாளாக்குங்கள். ஒவ்வொரு தாளையும் நீளவாக்கில் இரண்டாகக் கிழியுங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் நீளமான இரண்டு துண்டுகள் கிடைக்கும்.

2. பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் மேல் துண்டைச் சுற்றுங்கள். பாட்டிலின் அடிப்பக்கத்தைத் தாண்டி மூன்று விரல் அகலம் பேப்பர் வெளியே நீண்டிருக்க வேண்டும். ரொம்ப இறுக்கிச் சுற்றாதீர்கள், பாட்டிலை உருவ முடியாது. இரண்டரைச் சுற்று வரும்.

3. வெளியே நீண்டிருக்கும் பேப்பரை, கடையில் பொட்டலம் மடிப்பது போல நாலு பக்கமும் உள்நோக்கி மடியுங்கள். அதுதான் தொட்டியின் அடி.

4. பாட்டிலை நிமிர்த்தி, தரையில் அடி படும்படி நன்றாக அழுத்தி ஒரு திருகு திருகுங்கள். மடிப்பு படிந்துவிடும்.

5. நடுவில் வாழை நாரால் தளர்வாக ஒரு கட்டுப் போட்டு, பாட்டிலை உருவுங்கள். ஆறு விரல் உயரத்தில் தொட்டி தயார்.

முதல் ஐந்து தொட்டி கோணல்மாணலாக வரும். கவலைப்படாதீர்கள். பத்தாவது தொட்டியில் கை பழகிவிடும். எங்கள் கூட்டத்தில் வேகமாகச் செய்தது எழுபது வயதுப் பாட்டி ஒருவர். "பூக் கட்டுற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்தார்.

மண்ணும் விதையும்

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம். இதில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்துகொள்ளுங்கள். மக்காத சாணம் போடக் கூடாது, அதன் சூட்டில் வேர் கருகும். 120 தொட்டிக்கு மூன்று சட்டி மண் தேவைப்படும். கலவையை லேசாக ஈரமாக்கி, விளிம்பிலிருந்து அரை விரல் கீழே வரை நிரப்புங்கள். நிரப்பும்போது தொட்டியை இரண்டு முறை தரையில் தட்டினால் மண் படியும்.

பாகல், புடல் விதைக்கு ஓடு கெட்டி. முதல் நாள் இரவே தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் வடித்து, நிழலில் உலர்த்தி, விதை நேர்த்தி செய்யுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்பது அளவு. நம்மிடம் இருப்பது ஒரு கைப்பிடி விதைதான் என்பதால் ஒரு சிட்டிகை பிரட்டினால் போதும். கடையில் வாங்கிய விதை சிவப்பாகவோ பச்சையாகவோ கலர் பூசி இருந்தால் அது ஏற்கனவே மருந்து போட்டது. அதற்கு மறுபடி நேர்த்தி வேண்டாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் கிடைக்காமல் பாருங்கள்.

தொட்டிக்கு ஒரு விதை, ஒரு விரல் கணு ஆழத்தில். நூற்றுக்குப் பத்துத் தொட்டி கூடுதலாகப் போட்டு வையுங்கள். முளைக்காததற்கு அது ஈடாகும்.

நான் செய்த தப்பு

இதை உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கொல்லையில் நானே 40 தொட்டி வைத்துப் பார்த்தேன். வெறும் தரையில் அடுக்கி வைத்து, காலையும் மாலையும் ஆசையாகத் தண்ணீர் ஊற்றினேன். ஆறாம் நாள் ஒரு தொட்டியைத் தூக்கினால் மேல் பாதி மட்டும் கையோடு வந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கரையான் அரித்திருந்தது. முளைத்த நாற்றும் கழுத்தில் அழுகிச் சாய்ந்திருந்தது. சமூகப்பணி படித்த எனக்கே இந்த நிலைமை! அதிலிருந்து கற்றுக்கொண்டவை இவை.

தொட்டிகளை ஒருபோதும் வெறும் தரையில் வைக்காதீர்கள். செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். செங்கல்லைச் சுற்றிச் சாம்பல் தூவினால் கரையான் ஏறுவது குறையும், ஆனாலும் தினம் ஒரு பார்வை பாருங்கள். பழைய தக்காளிப் பெட்டி, உடைந்த கூடை எதிலாவது நெருக்கமாக அடுக்கினால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து விழாமல் நிற்கும்.

கோழிக்கும் எலிக்கும் தப்ப வேண்டும். பூசணி, சுரை விதை என்றால் எலிக்கு அல்வா மாதிரி. முளைக்கும் வரை ராத்திரியில் பழைய வலையோ முறமோ போட்டு மூடுங்கள்.

முளைத்த பிறகு காலை வெயில் பட வேண்டும், உச்சி வெயிலுக்கு நிழல் வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தலோ வேப்பமர நிழலின் ஓரமோ சரியாக இருக்கும்.

தண்ணீர் ஒரு வேளை, காலையில் மட்டும். பூவாளி இல்லை என்றால் பாட்டில் மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டுத் தெளியுங்கள். ஊற்றும் முன் ஒரு தொட்டியைத் தாங்கிப் பிடித்துப் பாருங்கள். கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். லேசாக இருந்தால் தெளியுங்கள். தண்ணீர் அதிகமானால் பேப்பர் கிழியும், நாற்றழுகல் வரும். பேப்பரில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, தொட்டிகளைச் சற்று விலக்கிக் காற்றுப் பட வையுங்கள்.

நடவு

முதலில் வரும் தடித்த ஜோடி இலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு சொரசொரப்பாக வரும் இரண்டு இலை நன்றாக விரிந்ததும் நடலாம். வேர் பேப்பரைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தால் இனியும் தள்ளிப்போடக் கூடாது. நடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கூடுதலாக வெயிலில் வைத்துப் பழக்குங்கள்.

பாகலுக்குக் குழி ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். குழிக்கு 10 கிலோ தொழு உரம் போட்டு மேல் மண்ணோடு கலந்து முன்கூட்டியே தயாராக வையுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். அப்போது மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, தொட்டியை நன்றாக நனைத்த பிறகே நட வேண்டும். பேப்பர் காய்ந்திருந்தால் வேர் அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே சுற்றும்.

இரண்டாவது, அடி மடிப்பை விரலால் லேசாகக் கிழித்துவிடுங்கள். பக்கவாட்டைத் தொட வேண்டாம். அடியில் கையைக் கொடுத்துத் தாங்கி அப்படியே குழிக்குள் இறக்குங்கள்.

மூன்றாவது, இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மண்ணுக்கு மேலே பேப்பர் விளிம்பு நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, அந்தப் பேப்பர் வேரடி ஈரத்தை உறிஞ்சி வெயிலுக்குக் கொடுத்துவிடும். விளிம்பைக் கிழித்து எடுத்துவிடுங்கள், அல்லது மண்ணால் மூடிவிடுங்கள்.

நட்டவுடன் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் வாரம் குழியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பேப்பர் இளகி மண்ணோடு சேர்ந்துவிடும்.

கூட்டங்களில் கேட்ட கேள்விகள்

"பேப்பர் மையில விஷம் இருக்காதா?"

நல்ல கேள்வி. செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொட்டலம் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ல் அறிவுறுத்தியது. சூடான வடை, பஜ்ஜியின் எண்ணெயில் மை கரைந்து நேராக வயிற்றுக்குப் போகிறது. அதனால் வடையைப் பேப்பரில் வைக்கும் பழக்கத்தை வீட்டிலும் விடுங்கள். தொட்டிக்கு நாம் பயன்படுத்துவது அரைத் தாள்தான், அதுவும் மண்ணுக்குள் போகிறது, தட்டுக்கு வரவில்லை. இருந்தாலும் கலர் படம் குறைவாக உள்ள கருப்பு வெள்ளைப் பக்கங்களையே எடுங்கள். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள், விளம்பர நோட்டீஸ், கடை பில் ஆகியவை வேண்டாம்.

"டீக்கடை பேப்பர் கப்பையே தொட்டியா வெச்சா என்ன?"

நாற்று வளர்க்கலாம், ஆனால் கப்போடு நடக் கூடாது. அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உள்ளது, அது மக்காது. அதனால்தான் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் கொண்டுவந்த பிளாஸ்டிக் தடையில் பூச்சுப் பூசிய பேப்பர் கப்பையும் சேர்த்தது.

"தேங்காய்ச் சிரட்டையில வைக்கலாமா?"

வைக்கலாம். ஆனால் நடும்போது சிரட்டையிலிருந்து எடுத்தாக வேண்டும். அப்போது மறுபடி வேர் பிரச்சினைதான். கொடிக் காய்களுக்கு வேண்டாம்.

"இதையே தொழிலா செய்யலாமா மேடம்?"

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் தொட்டி நாற்றைப் பஸ்ஸில் ஏற்றித் தூரம் கொண்டுபோனால் உடைந்துவிடும். சந்தைக்குக் கொண்டுபோய் விற்கும் சரக்கு இல்லை இது. அதனால் இதற்கென்று கடன் எடுக்க வேண்டாம், யாராவது மிஷின் விற்க வந்தாலும் அவசரப்பட்டுத் தீர்மானம் போட வேண்டாம். உங்கள் ஊருக்குள், தலைச்சுமையில் போகும் தூரத்தில், கேட்பவர்களுக்கு விற்கலாம். அதைவிட நல்ல வழி, குழுவுக்குள் மாற்றிக்கொள்வது. ஒருவர் பாகல், ஒருவர் புடல், ஒருவர் சுரை என்று ஆளுக்கு ஒன்றாக வளர்த்து, கூட்டத்தன்று நாற்றை மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு வீட்டிலும் நாலு விதக் காய் வரும். விதை வாங்கும் செலவும் குறையும்.

அந்த அக்கா என்ன ஆனார்?

தைப்பட்டத்தில் அவரும் நானும் சேர்ந்து மறுபடி முயற்சி செய்தோம். இந்தத் தடவை 40 தொட்டி மட்டும். மார்கழிக் கடைசியில் விதை ஊன்றினோம், பலகை மேல், வேப்பமரத்து ஓரத்தில். 36 முளைத்தன. 36-ஐயும் பேப்பரோடு நட்டார். இரண்டு செடி மட்டும் போனது, அதுவும் ஆடு மேய்ந்ததால். பந்தலில் கொடி ஏறிய பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ராசி வந்துடுச்சா அக்கா?" என்று கேட்டேன். "ராசியாவது ஒண்ணாவது. வேரு அறுபடல, அவ்வளவுதான் மேடம்" என்றார். இப்போது அவர்தான் பக்கத்து ஊர்க் குழுக்களுக்குப் பேப்பர் சுருட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

சகோதரிகளே, ஆடிப்பட்டத்தில் நட வேண்டும் என்றால் ஆனி பாதியிலேயே விதை தொட்டிக்குள் இருக்க வேண்டும். முதல் தடவையே நூறு, இருநூறு என்று இறங்காதீர்கள். ஒரே ஒரு பழைய பேப்பர், 12 தொட்டி. அதிலிருந்து ஆரம்பியுங்கள். எத்தனை முளைத்தது, எத்தனை பிழைத்தது, எது ஏன் போனது என்று சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. பிழைத்ததை மட்டும் சொல்லாதீர்கள், போனதையும் சொல்லுங்கள். அதிலிருந்துதான் எல்லோரும் கற்றுக்கொள்ள முடியும்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்